மூளை அறுவைக்குப் பிறகு இரவில் குழப்பம்: வீட்டார் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம்

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளி. திடீரென்று வலிப்பு வந்ததால் ஸ்கேன் எடுத்தோம். நெற்றிப் பக்கம் மெனிஞ்சியோமா கட்டி என்று சொல்லி, மூன்று நாள்களுக்கு முன் அறுவை சிகிச்சை செய்தார்கள். நேற்று ஐ.சி.யூ.விலிருந்து அறைக்கு மாற்றினார்கள். பகலெல்லாம் அரைத் தூக்கம். இரவில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் வலை இழுப்பதுபோல இழுக்கிறார். என்னைத் தங்கை பெயர் சொல்லி அழைக்கிறார். கை நடுங்குகிறது, உடம்பெல்லாம் வியர்வை. வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. மூளையில் கை வைத்ததால் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அவர் தினமும் இரவில் குடிப்பவர். வெட்கப்பட்டு அதை டாக்டரிடம் சொல்லவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் அவர் கடலுக்குப் போக முடியுமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காசிமேடு

மருத்துவர் பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் குடியைப் பற்றிய அந்த ஒரு வரியைப் படித்ததும் உங்களைத் தொலைபேசியில் அழைத்து, அந்த நிமிடமே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினேன் என்பதை மற்ற குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

பல வருடங்கள் தினமும் குடித்தவரின் மூளை மதுவின் மந்தத்துக்குப் பழகிப்போயிருக்கும். மது திடீரென்று நின்றதும், அடக்கி வைத்திருந்த நரம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளர்ந்தெழும். முதல் நாளிலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இடம் தெரியாமல் பேசுவதும் இல்லாததைப் பார்ப்பதும் 2 முதல் 4 நாள்களில் தலைகாட்டும். அந்த மயக்கத்தில் மனிதர்கள் தங்கள் தொழிலையே செய்வார்கள். தையல்காரர் இல்லாத துணியைத் தைப்பார், ஓட்டுநர் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்புவார். உங்கள் கணவர் வலை இழுக்கிறார். அதோடு நடுக்கமும் வியர்வையும் சேர்ந்திருப்பதால்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

சாதாரண நாளிலேயே இது உயிரைப் பறிக்கக்கூடியது. மூளை அறுவை முடிந்த மூன்றாம் நாளில், ஏறும் ரத்த அழுத்தமும் ஒரு வலிப்பும் அறுவை செய்த இடத்தில் ரத்தக்கசிவை உண்டாக்கிவிடலாம். ஆனால் நல்ல சிகிச்சை இருக்கிறது. நரம்புக் கிளர்ச்சியை அடக்கும் மருந்துகளும், தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியும் கொடுப்பார்கள். தயமின் குறைந்த உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்கே கேடு வரலாம் என்பதால், மருத்துவருக்கு உண்மை தெரிந்தே ஆக வேண்டும். தினமும் ஒரு குவார்ட்டரா, இரண்டா, கடைசியாகக் குடித்தது எந்த இரவு என்று உள்ளபடி சொல்லுங்கள். உங்களை யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை. "கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தால் அடங்கிவிடுவார்" என்று சொல்லி, பாட்டிலை மடியில் மறைத்துக்கொண்டு வரும் உறவினர்கள் உண்டு. அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

குடிதான் காரணம் என்று நான் முடிவு கட்டவில்லை. இதே குழப்பம் ரத்தக்கசிவிலும் மூளை வீக்கத்திலும் வரும். ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும், கிருமித்தொற்று இருந்தாலும், வெளியே தெரியாத வலிப்பு ஓடினாலும் வரும். அதனால் சி.டி. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் திரும்ப எடுக்கச் சொன்னால், பணம் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். சிறுநீர்க் குழாயை எடுத்த பிறகு சிறுநீர் இறங்காமல் வயிறு முட்டிக்கொண்டிருந்தாலே, வாய்விட்டுச் சொல்லத் தெரியாத நோயாளி கட்டிலில் புரண்டு அலறுவார். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று செவிலியரிடம் கேளுங்கள்.

புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். மெனிஞ்சியோமா மூளைக்குள்ளிருந்து கிளம்புவதில்லை, மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் வளர்வது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு சாதாரணக் கட்டிகள், புற்றுநோய் அல்ல. உங்கள் கணவருடையது எந்த வகை என்பதைத் திசுப் பரிசோதனை சொல்லும்; அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெகுநாள் கட்டியின் அழுத்தத்தில் இருந்த முன்மூளை இப்போதுதான் விடுபட்டிருக்கிறது. அந்தப் பகுதிதான் நிதானத்தையும் நடத்தையையும் கவனித்துக்கொள்வது. சில நாள் தடுமாறும், சிலருக்குச் சில வாரம்கூட ஆகும். பெரும்பாலானவர்களுக்குத் தெளிந்துவிடும். அறுவைக்குச் சம்மதித்தது தப்பு என்று பேசுகிறவர்களிடம், வலிப்பு வந்தபின் அந்தக் கட்டியை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திருப்பிக் கேளுங்கள்.

இப்போது அந்த அறை. மருந்துக்கு அடுத்தபடி அவரைத் தேற்றப்போவது அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். நம் பகுதியில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் தெருவே திரண்டு வரும். அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் வருகிற ஒவ்வொருவரும் கட்டிலருகே குனிந்து, "நான் யார் சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்கிறார்கள். களைத்த மூளைக்கு அதைவிடக் கொடுமை இல்லை. கூடவே நீங்கள் ஒருவர் இருந்தால் போதும். மாற்றி விட மகனோ மகளோ வரட்டும். காலையில் திரையை விலக்கி வெளிச்சம் வரவிடுங்கள். பகலில் கொஞ்சம் கொஞ்சமாக உட்காரவைத்து விழித்திருக்கச் செய்யுங்கள். இரவில் டி.வி., செல்போன், பெரிய விளக்கு எதுவும் வேண்டாம். சாலைப் பக்க அறை என்றால் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் இரவு முழுக்கக் கேட்கும். உள்பக்க அறை காலியாகிறதா என்று தயங்காமல் கேளுங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் அதைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள்.

அவர் வலை இழுக்கும்போது சண்டை போடாதீர்கள், "ஆமாம், நல்ல மீன் விழுந்திருக்கிறது" என்று கூடச் சேர்ந்து ஆடவும் வேண்டாம். "ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்" என்று மெதுவான குரலில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லுங்கள். குழாய்களைப் பிடுங்கப் பார்த்தால் செவிலியரைக் கூப்பிடுங்கள். நீங்களாகத் துணியால் கையைக் கட்டிவிடக் கூடாது, கட்டினால் முரண்டு அதிகமாகும். கட்டிலின் தலைப்பக்கம் 30 டிகிரி அளவு உயர்ந்தே இருக்கட்டும். அரைத் தூக்கத்தில் கஞ்சி ஊட்டாதீர்கள். நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகிவிடும். கோயில் திருநீறும் மாதா கோயில் எண்ணெயும் தர்காவில் ஓதிய தண்ணீரும் தலையணைக்குப் பக்கத்தில் தாராளமாக இருக்கலாம். தலைக்கட்டின் மேலும் தையலின் மேலும் படக்கூடாது.

கண் வீக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். நெற்றித் தோலை விலக்கிச் செய்த அறுவையில் நீர் கீழிறங்கி இமையில் தேங்கும். இரண்டு, மூன்று நாள்களில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் வடியத் தொடங்கும். கண் திறந்தபின் பார்வை மங்கலாக இருந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள்.

மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டும் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சல் மூட்டும், சர்க்கரையை ஏற்றும். மாலை டோஸை முன்னதாகத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். படிப்படியாகத்தான் குறைப்பார்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

இரவில் குழம்பிக் காலையில் தெளிவது ஒரு ரகம். நேரம் போகப் போக எழுப்பவே முடியாமல் ஆவது வேறு; அது ஆபத்து. தலைவலி கூடிக்கொண்டே போய் வாந்தி எடுத்தால், ஒரு பக்கக் கையோ காலோ தளர்ந்தால், வாய் கோணினால், வலிப்பு வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், மூக்கிலிருந்தோ தையலிலிருந்தோ தெளிந்த நீர் சொட்டினால், காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் டாக்டரை வரவழையுங்கள். அவரோடு பல வருடம் வாழ்ந்தவர் நீங்கள். "இது வழக்கமான தூக்கம் இல்லை" என்று உங்களுக்குத் தோன்றினால், சத்தம் போட்டாவது சொல்லுங்கள்.

கடலைப் பற்றி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தோடு அவருடைய ஓய்வும் முடிந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். வலிப்பு வந்த மனிதர் அவர். விசைப்படகில் நாள்கணக்கில் தூக்கம் கெடும், வெயிலில் உடம்பு வற்றும், மாத்திரை நேரம் தவறும். மூன்றுமே வலிப்பை வரவழைப்பவை. கரையில் வலிப்பு வந்தால் காப்பாற்றலாம், படகின் விளிம்பில் வந்தால் முடியாது. வலிப்பு மாத்திரை நிற்காமல் தொடர வேண்டும். எத்தனை மாதம் வலிப்பில்லாமல் கழிந்தால் கடலுக்குப் போகலாம் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். அதுவரை தனியாக நீந்துவது, உயரத்தில் ஏறுவது, பைக் ஓட்டுவது எதுவும் கூடாது. மது முழுவதுமாக நிற்க வேண்டும். அதற்கு மருத்துவ உதவி வேண்டுமென்று டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, அந்த மருத்துவமனையிலேயே கேளுங்கள். படகு உரிமையாளரிடம் இப்போதே பேசி, வலை சீர் செய்வது, ஏலக் கணக்குப் பார்ப்பது போன்ற கரை வேலை கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள். உடம்பு தேறி எழுந்தவுடன் அவர் முதலில் கவலைப்படப்போவது வருமானத்தைப் பற்றித்தான்.