"பெரட்டுக்கு நேரமாச்சு" என்கிறார் மாமா

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் இருக்கிறோம். என் மாமனாருக்கு 76 வயது. தோட்டம் விற்றுப்போகும் வரை பால்மரம் வெட்டியவர். கல்லீரலில் புற்றுநோய். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வாரம் ஒருமுறை மிஸ்ஸி (தாதி) வந்து வலி மருந்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். போன வாரம் அவர், "ஆன்மிக ஆதரவுக்கு யாராவது வரட்டுமா?" என்று கேட்டதிலிருந்து வீடு இரண்டாகிவிட்டது. ஈப்போவில் இருக்கும் நாத்தனார் சபைக்குப் போகிறவர். பாஸ்டரைக் கூட்டி வருகிறேன் என்கிறார். என் கணவர், முனியாண்டிக்கு வைத்த நேர்த்தி நிற்கிறது, பரிகாரம் செய்ய வேண்டும் என்று ஒருவரிடம் 3,000 ரிங்கிட்டுக்குப் பேசி வைத்திருக்கிறார். மாமாவோ, "நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று என்னிடம் மட்டும் கேட்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, தோட்டத்தில் வேலைக்கு முன்னால் பேர் கூப்பிடுகிற பெரட்டு இன்னும் நடக்கிற மாதிரி, "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று கட்டிலைத் தடவுகிறார். யாரைக் கூப்பிடுவது அக்கா? மிஸ்ஸி அப்படிக் கேட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமா?

பதில்: இல்லை தங்கச்சி. வலி எப்படி இருக்கிறது, மலம் போனதா என்று கேட்பதைப்போல மிஸ்ஸி அதையும் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் இந்த வலி தணிப்புப் பராமரிப்புக்கு (palliative care) தந்த வரையறையிலேயே உடல் வலி, மன வலியோடு ஆன்மிகச் சிக்கலும் இருக்கிறது. நோய் தெரிந்த நாளிலிருந்தே கேட்கலாம். நம் ஊரில் கடைசியில்தான் கேட்கிறார்கள், அதனால் எமனுக்கு முன்னால் வரும் தூதுபோல ஆகிவிட்டது.

இதற்கெல்லாம் வழி போட்டவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. தாதியாக இருந்து, சமூகநலப் பணிக்குப் போய், அப்புறம் டாக்டருக்குப் படித்து, 1967இல் லண்டனில், கடைசிக் காலத்து நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் திறந்தார். எங்கே வலிக்கிறது என்று அவர் ஒரு நோயாளியிடம் கேட்டாராம். முதுகில்தான் ஆரம்பித்தது, இப்போது எனக்கு எல்லாமே சரியில்லாமல் போய்விட்டது என்றாராம் அந்த அம்மா. உங்கள் மாமா பாவத்தைப் பற்றிக் கேட்பதும் அந்த வகைதான். அது வலி. மிஸ்ஸி கொடுக்கும் மருந்து அதுவரை போய்ச் சேராது.

அதனால், யாரைக் கூப்பிடுவது என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. மாமாவிடம் யாராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் மகன் பேசுகிறார், மகள் பேசுகிறார், மிஸ்ஸி பேசுகிறார். படுத்திருக்கிற மனிதர் உங்களிடம் மட்டும்தான் பேசியிருக்கிறார். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் இந்த வேலைக்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள், சாப்ளின் என்பார்கள். பலர் பாதிரியார்கள். ஆனாலும் நோயாளி கேட்காமல் ஜெபத்தை ஆரம்பிக்கக் கூடாது, மதம் மாற்றும் பேச்சை எடுக்கவே கூடாது என்பது அவர்களுக்கு விதி. முக்கால்வாசி நேரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்பதுதான் வேலை. அந்த நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியாமல்.

அடுத்த முறை அவர் "என்ன பாவம்" என்று கேட்டால், "அப்படியெல்லாம் பேசாதீங்க மாமா" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். நாம் எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். "எதை நெனச்சு கேக்குறீங்க மாமா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஒரு நிமிடம் ஆகலாம். தண்ணி போட்டுவிட்டு மாமியை அடித்தது வரலாம், பேசாமல் விட்டுப்போன தம்பி வரலாம், அந்த நேர்த்தியே வரலாம். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. தம்பிதான் என்றால், ஒரு போன் போட்டு அவரைக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவது எந்தப் பரிகாரத்தையும்விடப் பெரிய காரியம்.

நேர்த்தியே அவர் மனதில் நின்றால் அதைச் சின்னதாக முடிக்கலாம். முனியாண்டி 3,000 வெள்ளி கேட்கிறவர் இல்லை. வாழைப்பழம், சுருட்டு, தேங்காயை ஒரு தட்டில் வைத்து மாமா கையால் தொடச் செய்யுங்கள். உங்கள் கணவரும் பேரப்பிள்ளைகளும் கோயிலுக்குக் கொண்டுபோகட்டும். பழைய தோட்டத்துக் கோயில் இடம் மாறியிருந்தால் மாறிய இடத்துக்கே. அங்கிருந்து வீடியோ கால் போட்டு மணி அடிக்கிற சத்தத்தைக் கேட்கவிடுங்கள், திரும்பும்போது விபூதி கொண்டுவந்து பூசுங்கள். ஒன்று மட்டும்: மாமாவுக்கு ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தால் அந்த அறையில் கற்பூரம், ஊதுவத்தி, விளக்கு எதுவும் கூடாது. குப்பென்று பற்றிவிடும்.

நாத்தனாரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். மகள் அவளுக்குத் தெரிந்த மொழியில் அப்பாவுக்காக அழுகிறாள். கையைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் ஜெபிக்க யார் அனுமதியும் வேண்டாம். சத்தம் போட்டு ஜெபிப்பதற்கும் பாஸ்டர் வருவதற்கும் மாமா தலையாட்ட வேண்டும். பரிகாரக்காரருக்கும் அதே சட்டம்தான் என்று உங்கள் கணவரிடம் சொல்லிவிடுங்கள். பேச்சு குறைந்துவிட்டால் கேட்க முடியாது, அதனால் இந்த வாரமே கேளுங்கள்.

பெரட்டு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். மூத்திரம் கட்டினாலும், மலச்சிக்கல் இருந்தாலும், மருந்து கூடினாலும் இப்படித் தடுமாற்றம் வரும், அதற்கு வைத்தியம் உண்டு. அதெல்லாம் இல்லையென்றால் திருத்தாதீர்கள். "பெரட்டு எல்லாம் முடிஞ்சுபோச்சு மாமா, தோட்டமே இல்ல" என்பது உண்மைதான், ஆனால் அந்த நேரத்துக்கு வேண்டாத உண்மை. "பெரட்டுக்கு யாரெல்லாம் வந்திருக்காங்க மாமா?" என்று கேட்டுப் பாருங்கள். கூட மரம் வெட்டியவர் யாராவது பக்கத்தில் உயிரோடு இருந்தால் ஒரு சாயங்காலம் கூட்டி வாருங்கள். வேலை வாங்கிய மண்டோரைத் திட்டிச் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆன்மிக ஆதரவில் இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்த நாள் வரும்போது தேவைப்படும். என் அம்மா கடைசியில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது உறவுக்காரர் ஒருவர் மண்ணாசை என்று சொல்லி, தோட்டத்து லயத்து வீட்டு வாசலிலிருந்து மண் எடுத்துக் கரைத்து வாயில் ஊற்றினார். ஒரு சாண் மண்கூடச் சொந்தமாக இல்லாதவள் என் அம்மா; அந்த வாசல் மண்ணும் கம்பெனியுடையது. விழுங்க முடியாமல் புரையேறி அவள் தவித்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பாலோ தண்ணீரோ மண்ணோ, வாயில் ஊற்ற வேண்டாம். பஞ்சில் நனைத்து உதட்டை ஈரப்படுத்தினால் போதும். மண்ணை உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிடுங்கள். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் பயந்து எதையும் ஊற்றாமல் மிஸ்ஸிக்குப் போன் போடுங்கள்.

நாலு மணிக்கு எழுந்து உட்காருவது, பேம்பர்ஸ் மாற்றுவது எல்லாம் நீங்கள்தான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. ஒரு வாரம் அந்த நாலு மணியை உங்கள் கணவர் பார்க்கட்டும். பரிகாரக்காரரிடம் சொன்னதையெல்லாம் அப்பாவிடம் அவர் இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.