காதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்

கேள்வி: என் எட்டு வயது மகளுக்கு ஓவியர் வான்கோவை அறிமுகப்படுத்த ஆசை. ஆனால் அவர் காதை அறுத்துக்கொண்டது, 37 வயதில் தன் உயிரையே மாய்த்துக்கொண்டது எல்லாம் குழந்தையிடம் சொல்லக்கூடிய விஷயமா? எங்கே ஆரம்பிப்பது? – ஒரு வாசகி

பதில்: படத்தில் ஆரம்பியுங்கள் அம்மா, வாழ்க்கைக் கதை பிறகு வரட்டும். பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தர வந்த புதிதில் நான் காதுக் கதையைத்தான் முதலில் சொன்னேன். அப்புறம் எந்தப் படத்தைக் காட்டினாலும் "எந்தக் காது சார்?" என்றே கேட்டார்கள். படத்தை யாரும் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இப்போது 1888-இல் அவர் வரைந்த படுக்கையறைப் படத்தைத்தான் முதலில் வைக்கிறேன். கட்டில், இரண்டு நாற்காலி, மாட்டி வைத்த உடுப்பு. குழந்தைக்குத் தெரியாத பொருள் எதுவும் இல்லை. நீங்கள் ஒன்றும் விளக்காமல் கொஞ்ச நேரம் பார்க்கவிடுங்கள். "ஒருத்தர் அறைதானே, தலையணை ஏன் ரெண்டு?" என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். அதைப் பிடித்துக்கொண்டே, ஓவிய நண்பர்களெல்லாம் தன் வீட்டில் வந்து தங்க வேண்டும் என்று அவர் ஏங்கியதைச் சொல்ல முடிந்தது.

சுவர் என்ன நிறம் என்று கேளுங்கள். நீலம் என்பாள். ஆனால் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் வெளிர் ஊதா என்கிறார் வான்கோ! சாயத்தில் இருந்த சிவப்பு நாளாக ஆக வெளுத்துப்போய், நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கையில் ஊதா கிரேயான் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், அந்த அறையை அவளே மீட்டுவிடுவாள்.

நோயை மறைக்காதீர்கள். "அவருக்கு மனநோய் வந்தது. ஒருநாள் அது முற்றி, தன்னையே காயப்படுத்திக்கொண்டார். மருத்துவமனையில் தங்கி சிகிச்சை எடுத்தார். அங்கேயும் வரைந்தார்." எட்டு வயதுக்கு இது போதும். எப்படி இறந்தார் என்று கேட்டால், அந்த நோயால்தான் என்று சொல்லலாம். அது பொய்யில்லை. மீதியை அவள் வளர்ந்த பிறகு பேசுங்கள்.

கடைசியாகப் பாதாம் பூ. 1890-இல் தியோவுக்கு மகன் பிறந்து, வின்சென்ட் என்று பெரியப்பாவின் பெயரையே வைத்தார்கள். மருத்துவமனையில் இருந்தபடியே, நீல வானத்தில் பூத்த பாதாம் கிளையை அந்தக் குழந்தைக்காக வரைந்தார் வான்கோ. அந்தப் பிள்ளை பெரியவராகி, பெரியப்பாவின் படங்களைக் காத்து, ஆம்ஸ்டர்டாமில் அவற்றுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைய வழிசெய்தார். 1973-இல் அது திறந்தபோது அவருக்கு 83 வயது. பாதாம் பூவும் அங்கேதான் இருக்கிறது.