முதலில் கிரைக்கோஸ் எண்ணைப் பாருங்கள், தம்பி

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் தம்பிக்கு: பிப்ரவரியில் மெல்பர்ன் வருகிறேன், குளிருக்கு என்ன வாங்குவது, அரிசி பருப்பு கிடைக்குமா, பகுதிநேர வேலை உண்டா, மதுரை காளவாசல் ஏஜென்ட் இடம் வாங்கிக் கொடுத்த தனியார் கல்லூரி எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பிப்ரவரி இங்கே கோடை. அரிசி டாண்டினாங்கில் மூட்டையாகவே கிடைக்கும். வேலை, வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான். முதலில் கேட்க வேண்டிய கல்லூரியைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள்.

ஆஃபர் லெட்டரில் கிரைக்கோஸ் எண் இருக்கிறதா? வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரிகளின் ஆஸ்திரேலிய அரசுப் பதிவேடுதான் கிரைக்கோஸ். கல்லூரிக்கு ஓர் எண், படிப்புக்குத் தனி எண். இணையத்தில் நீங்களே தேடலாம். உங்கள் படிப்பும் அது நடக்கிற இடமும் அதில் வரணும். பட்டப்படிப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு டெக்ஸா, டிப்ளமோ மாதிரித் தொழிற்படிப்பு என்றால் ஆஸ்க்வா. அப்புறம், தன் ஏஜென்ட்கள் யார் யார் என்று ஒவ்வொரு கல்லூரியும் வெளியிட்டே ஆகணும், சட்டம் அது. காளவாசல்காரர் பெயர் அதில் இல்லையென்றால் அவர் வேறு யாருக்கோ ஆள் பிடித்துக் கொடுக்கிறார். அவர் கணக்கில் ஒரு பைசா போடாதீர்கள். ‘எங்களுக்கு ஃபீஸே வேண்டாம்’ என்பார். கல்லூரி தரும் கமிஷன் உங்கள் அப்பா கட்டும் பணம்தான்.

நான் வந்த காலத்தில் சமையலோ முடிதிருத்தமோ படித்தால் பி.ஆர். (இங்கேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) நிச்சயம் என்று மதுரையிலேயே விற்றார்கள். 2009-இல் அந்த மாதிரிக் கல்லூரிகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. நான் படித்த சமையல் கல்லூரி துணிக்கடைக்கு மேல் மாடி. ஒரு காலை போனால் கண்ணாடிக் கதவில் ஒற்றைத் தாள், கல்லூரி மூடியாச்சு என்று நாலே வரி. பஞ்சாபிப் பையன்களும் நானும் கத்திப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படிக்கட்டில் நின்றோம். 2010 பிப்ரவரியில், பி.ஆர். விஷயத்தில் சமையலுக்கு மவுசு கொடுத்த தொழில் பட்டியலையே அரசு தூக்கிவிட்டது. பெட்ரோல் பங்கில் ராத்திரி வேலை பார்த்து, கணக்கியல் படித்துத்தான் கரையேறினேன். யாரும் கை தூக்கிவிடவில்லை.

உங்களுக்கு அந்தக் கதி வராது. கல்லூரி மூடினால் வேறு இடமோ, நடக்காத வகுப்புக்கான கட்டணமோ வாங்கித் தரும் அரசு ஏற்பாடு 2012-இல் வந்துவிட்டது. பேங்க் லோன் வட்டியும் வீட்டு வாடகையும் அதில் சேராது.

இங்குள்ள நம்மாட்களிடமும் கவனம். பொங்கல் விழாவில் ‘மதுரையா, நம்ம ஊரா!’ என்று தோளில் கை போடுவார்கள். மறுவாரமே, இதைவிடச் சல்லிசான காலேஜ் இருக்கு, மாறிடு என்பார்கள். அதிலும் கமிஷன் ஓடியது உண்டு. முதன்மைப் படிப்பில் ஆறு மாதம் முடியாமல் மாறுவது லேசில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஊரிலேயே இருந்து வெளிநாட்டுப் பட்டம் வாங்கலாமா என்று உங்கள் நண்பர் கேட்டாராமே. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரை வாங்கி இன்னொருவர் நடத்தும் ஃபிரான்சைஸ் படிப்பென்றால், யுஜிசியின் 2025 விதிப்படி இந்தியாவில் அதற்கு அங்கீகாரம் கிடையாது.

எண்ணைக் கேட்டு இங்கே போடுங்கள், நானும் தேடிப் பார்க்கிறேன். தர மறுத்தால், முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால் அதைத் திருப்பிக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.