கொழுந்து விலை சரியும் காலத்தில் மேலாண்மைப் படிப்பு: கோத்தகிரித் தந்தை ஒருவருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பி.காம். இறுதியாண்டு படிக்கும் தங்கள் மகள் எம்.பி.ஏ. சேர விரும்புவதையும், வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்றின் முகவர் 'மாற்றக் காலத்துக்கான வியூகத் தலைமை' என்ற சிறப்புப் பிரிவைச் சொல்லி முன்பணம் கேட்பதையும், அதற்காக ஒன்றரை ஏக்கர் தேயிலையில் அரை ஏக்கரை விற்கலாமா என்று தாங்கள் யோசிப்பதையும் எழுதியிருந்தீர்கள். கடிதத்தின் கடைசி வரிதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. கணக்கையும் கடிதத்தையும் கணினியே எழுதிவிடும் காலத்தில் மேலாளர் என்று ஒருவர் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள்.

நிலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: விற்க வேண்டாம். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பெற்றோரின் கையெழுத்தே போதும். அதற்கு மேல் 7.5 லட்சம் வரை சில வங்கிகள் மூன்றாம் நபரின் உத்தரவாதம் கேட்கலாம். சொத்து அடமானம் என்ற பேச்சு அதற்கு மேற்பட்ட தொகைக்குத்தான் வரும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்தே தவணை தொடங்கும். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து வங்கியின் பதிலை எழுத்தில் பெறும்வரை எந்த முகவருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இனி தங்கள் கேள்விக்கு வருகிறேன். உதகையிலிருந்து கூடலூர்ச் சாலையில் செல்லும்போது இந்து நகரைக் கடந்திருப்பீர்கள். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960-இல் தொடங்கப்பட்டு, 1967 முதல் அங்கே படச்சுருளும் எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்தது. அந்த ஃபிலிமின் பெயரே அந்த ஊருக்கும் ஆயிற்று. மலையில் ஒரு தலைமுறைக்குச் சோறு போட்ட ஆலை அது. 1991-க்குப் பிறகு இறக்குமதி எளிதாயிற்று, கடன் ஏறிற்று, 1990-களின் நடுவிலேயே அது நலிவுற்ற நிறுவனமாகிவிட்டது. பின்னாலேயே டிஜிட்டல் கேமராவும் வந்து சேர்ந்தது. இதே காலத்தில் இதே பொருளை விற்ற இரண்டு பெரிய வெளிநாட்டு நிறுவனங்களின் கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் தங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் 1975-லேயே டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்து காட்டினார். ஆகவே கோடாக்குக்குச் செய்தி தெரியாமல் போகவில்லை. ஃபிலிமில் வந்த லாபம் மிகப் பெரிதாக இருந்ததால், அதைத் தாமே குறைத்துக்கொள்ளும் முடிவை எடுக்க மனம் வரவில்லை. 2012 ஜனவரியில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. ஜப்பானின் ஃபியூஜிஃபிலிமும் அதே இடியைச் சந்தித்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி உச்சத்தைத் தொட்ட உலக ஃபிலிம் விற்பனை அதன்பின் ஆண்டுக்காண்டு சரிந்தது. ஆனால் ஷிகெடாகா கொமோரியின் தலைமையில் அவர்கள், 'நாம் எதை விற்கிறோம்' என்பதோடு நிற்காமல் 'நமக்கு என்ன தெரியும்' என்று கணக்கெடுத்தார்கள். ஃபிலிமின் முக்கியப் பொருளான ஜெலட்டின் கொலாஜனிலிருந்து வருவது. வண்ணம் மங்காமல் காக்கும் வேதியியலும் அவர்கள் கைவசம் இருந்தது. அந்த அறிவைக் கொண்டு சருமப் பராமரிப்புப் பொருள்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மெல்லிய படலம் செய்யும் திறன் எல்சிடி திரைகளுக்கான படலமாக மாறியது. ஃபிலிம் பிரிவில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்; வலியில்லாமல் நடந்த மாற்றம் அல்ல அது.

மூன்று நிறுவனங்களையும் பிரித்தது என்ன என்பதை மற்றவர்களுக்குச் சொல்வதைவிடத் தங்களுக்குச் சொல்வது எளிது, ஏனெனில் தாங்கள் கவாத்து செய்பவர். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை, கொழுந்து வந்துகொண்டிருக்கும் செடியையே வெட்டுகிறோம். சில மாதங்களுக்கு அந்தப் பாத்தியில் வருமானம் இல்லை. வெட்டுவதற்கு முன் வேரை நறுக்கி அயோடின் சொட்டு வைத்து மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். வேரில் இருப்பு இல்லாத செடியை வெட்டினால் அது துளிர்க்காமல் பட்டுப்போகும். ஃபியூஜி வேரில் இருப்பு இருந்தபோது வெட்டியது. கோடாக் விளைச்சலைப் பார்த்து வெட்டத் தயங்கியது. நம் உதகை ஆலைக்கோ, மாற வேண்டிய நேரம் வந்தபோது வேரில் கடனைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அரசு நிறுவனம் என்பதால் முடிவெடுக்கும் அதிகாரமும் மலைக்கு வெளியே, தில்லியில் இருந்தது. அங்கே உழைத்தவர்களின் திறமையில் குறை இருந்ததாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

எப்போது வெட்ட வேண்டும் என்பதைக் கணக்கைப் பார்த்து அறிவதும், விளைச்சல் இருக்கும்போதே அதை வெட்டப் பக்கத்தில் இருப்பவர்களைச் சம்மதிக்க வைப்பதும்தான் மேலாண்மையில் தலைமை என்று சொல்லப்படுவது. முதல் பாதியில் கணினி பேருதவி செய்யும். இரண்டாவது பாதியில் அதன் உதவி மிகக் குறைவு.

நம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தூளிலிருந்து நாரைப் பிரிக்கும் கலர் சார்ட்டர் இயந்திரம் வாங்கலாமா என்று முடிவெடுக்க வேண்டும் என்று வையுங்கள். விலை, வட்டி, மின்செலவு, குன்னூர் ஏலத்தில் கிலோவுக்கு எத்தனை ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்பதையெல்லாம் இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலி சில நிமிடங்களில் அட்டவணையாக்கித் தரும். உறைபனியால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இலை குறையும்போது தவணையை எங்கிருந்து கட்டுவது, சலித்துப் பிரிக்கும் வேலையில் இருக்கும் பெண்களை எந்த வேலைக்கு மாற்றுவது, அவர்களிடம் அதை யார், எப்போது சொல்வது, இலை போடும் விவசாயிகள் அதிகக் காசு கொடுக்கும் அடுத்த தொழிற்சாலைக்குப் போகாமல் இருக்க அவர்களுக்கு என்ன உறுதி தருவது என்பவை மீதமிருக்கும். இவற்றுக்கு ஒருவர் பொறுப்பேற்று, முடிவு தவறானால் அதே மனிதர்கள் முன் மறுநாளும் நிற்க வேண்டும். இந்தப் பொறுப்பு இருக்கும்வரை மேலாளர் என்பவரும் இருப்பார். அறிக்கையைத் தட்டச்சு செய்து மேலே அனுப்புவது மட்டுமே வேலையாக இருந்த மேலாளர் இடங்கள் குறையும் என்பதையும் தங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை. மகள் அத்தகைய இடத்தை எண்ணிப் படித்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

நம் மலை இதை முன்பே பலமுறை பார்த்திருக்கிறது. 1860-களில் அரசு இங்கே, கொய்னா என்ற மலேரியா மருந்தைத் தரும் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டது. செயற்கை மலேரியா மருந்துகள் வந்ததும் கொய்னாவுக்கு இருந்த மதிப்பு போயிற்று. உருளைக்கிழங்கை நம்பியிருந்த குடும்பங்கள், 1961-இல் கண்டறியப்பட்ட நூற்புழுவால் அடிபட்டன. நம் தேயிலையைப் பெருமளவில் வாங்கிய சோவியத் ஒன்றியம் 1991-இல் இல்லாமல் போனபின், 1990-களின் இறுதியில் பசுந்தேயிலை விலை எப்படி வீழ்ந்தது என்பதைத் தாங்கள் இளமையில் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். ஒரே வகைத் தூளை ஒரே சந்தைக்கு அனுப்பிப் பழகியவர்களுக்கு அடி பலமாக விழுந்தது. குன்னூர் ஏலம் இப்போது திரையில் நடக்கிறது, ஆனாலும் ஏலத்துக்கு முன் தேநீரைச் சுவைத்து மதிப்பிடும் நாக்குக்கு வேலை இருந்துகொண்டேயிருக்கிறது. ஒரு தொழிலை ஆழமாக அறிந்தவரின் கைக்குக் கருவி வரும்போது அது அவரை உயர்த்துகிறது என்பதை நான் இந்த ஊரிலேயே கண்டிருக்கிறேன்.

ஆகவே என் பரிந்துரை இது. தங்கள் மகள் பி.காம். முடித்தவுடன் எம்.பி.ஏ. சேராமல், இரண்டு ஆண்டுகளாவது ஒரு தொழிலுக்குள் இருக்கட்டும். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவு, தேயிலைத் தரகு நிறுவனம், குன்னூரின் ஏற்றுமதி அலுவலகம், உதகையின் விடுதி எதுவாயினும் சரி. சம்பளம் குறைவாக இருந்தாலும் பணம் எங்கே வந்து எங்கே போகிறது என்று பார்க்கக் கூடிய இடமாக இருக்க வேண்டும். விடுதித் தொழிலை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன்: 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு முறை வந்தபோது ஒரே வாரத்தில் தம் கணக்குகளை மாற்றி எழுத வேண்டியிருந்தவர்கள் அவர்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் எக்செல்லில் தொடங்கித் தரவுப் பகுப்பாய்வு வரை கற்றுக்கொள்ளட்டும். நான் முதல்வன் திட்டப் பயிற்சிகளை இப்போது, கல்லூரியில் இருக்கும்போதே பயன்படுத்திக்கொள்ளலாம். இருப்புநிலைக் குறிப்பைப் படித்து இந்த நிறுவனம் கடனில் ஓடுகிறதா, சொந்தக் காலில் நிற்கிறதா என்று சொல்லத் தெரிய வேண்டும். வேரில் சொட்டு வைத்துப் பார்ப்பது போன்றதுதான் அதுவும்.

அதன்பின் தேர்வு எழுதட்டும். தமிழகக் கல்லூரிகளின் எம்.பி.ஏ. சேர்க்கைக்கு டான்செட், ஐ.ஐ.எம்.களுக்கு நவம்பர் இறுதியில் நடக்கும் கேட் (CAT) நுழைவுத் தேர்வு. திருச்சி ஐ.ஐ.எம். தமிழகத்திலேயே இருக்கிறது. தோட்டத் தொழிலில் மனம் இருந்தால், மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் பெங்களூருவில் 1993 முதல் இயங்கும் இந்தியத் தோட்ட மேலாண்மைக் கழகத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்; சிறு தேயிலை விவசாயியின் மகளுக்கு நேர்முகத் தேர்வில் பேச அங்கே நிறைய இருக்கும். முகவர் சொன்ன சிறப்புப் பிரிவின் பெயரை மறந்துவிடுங்கள். அந்தக் கல்லூரியிடம் ஏ.ஐ.சி.டி.இ. என்ற தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதி எண், கடந்த மூன்று ஆண்டுகளில் வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் வருவது), பாடம் நடத்துபவர்களில் எத்தனை பேர் தொழிலில் இருந்தவர்கள் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையே பதிலாகக் கொள்ளலாம்.

தங்கள் அச்சம் நியாயமானது. அதை மகளிடம் மறைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரமே இலைக் கணக்குச் சீட்டுகளை அவரிடம் கொடுத்து, மூன்று ஆண்டுகளில் மாதவாரியாக எத்தனை கிலோ, என்ன விலை, உரத்துக்கும் பறிகூலிக்கும் எவ்வளவு என்று தாளில் போடச் சொல்லுங்கள். அடுத்த கவாத்தை எந்தப் பாத்தியில், எந்த ஆண்டில் செய்வது என்று அவரே ஒரு முடிவு எழுதட்டும். தங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் அவர் தங்களைச் சம்மதிக்க வைக்கட்டும். சனிக்கிழமை இருவரும் குன்னூருக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்தத் தொழிலில் முதல் வேலை தேடலாம் என்று பேசுவோம்.