கருப்பு மேல இருந்த பயம் போயிருச்சா?

கேள்வி: எனக்கு 38 வயது. மேலூர் பக்கம் கிராமம். சின்ன வயதில் சன் டிவியில் வந்த மர்மதேசம் ‘விடாது கருப்பு’ தொடரை எதிர்வீட்டில் போய்ப் பார்ப்பேன். முடிந்ததும் தெருவைத் தாண்டி வரப் பயந்து, அப்பத்தாவைக் கூப்பிட்டு அழுவேன். ஆனாலும் அந்தத் தொடர் என்றால் உயிர். போன மே மாத லீவில், எட்டாவது படிக்கும் மகனை உட்காரவைத்து யூடியூபில் முழுவதையும் காட்டினேன். “இழுவையா இருக்கும்மா” என்றான். கடைசியில் டாக்டர் விளக்கம் வந்ததும் “இவ்வளவுதானா?” என்று எழுந்துவிட்டான். எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. எங்கள் குலசாமியும் கருப்புதான். “சாமிய வச்சு விளையாடியிருக்காங்க” என்று மாமியார் திட்டுகிறார். தொடரை வெறுக்கவும் முடியவில்லை, முன்போல் கொண்டாடவும் முடியவில்லை. கருப்பு மேல் இருந்த பயமே எனக்குப் போய்விட்டதோ என்று உறுத்துகிறது. திரும்பப் பார்த்தது தப்பா அக்கா?
– ஒரு வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

தப்பே இல்லை. அந்தக் கடைசி வரியை எழுத எவ்வளவு தயங்கியிருப்பீர்கள் என்று புரிகிறது.

முதலில் மாமியாருக்கு ஒரு வார்த்தை. அந்தக் கதையை எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். நம் மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பரில் காலமானவர். சித்தர்கள், கோயில்கள், முன்ஜென்மம் என்று ஆயுசு முழுக்க எழுதிய மனிதர். சாமியைக் கிண்டல் செய்யும் எண்ணம் அவருக்கு இருந்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இதை மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

இனி உங்கள் விஷயம். தொடரில் இழுவை உண்டுதான். பயமுறுத்தும் இசையை வேண்டாத இடத்திலும் போட்டிருக்கிறார்கள். விளக்கம் சொல்லும் இடங்களில் கதை நின்றுவிடுகிறது என்பதே என் கருத்தும். ஆனால் சிறுவன் ராஜேந்திரனின் கதையையும் அவன் வளர்ந்த பிறகு நடப்பதையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போனாரே இயக்குநர் நாகா, தமிழ் டிவியில் அப்போது அது பெரிய துணிச்சல். தப்பு செய்தவர்களைத் தண்டிக்கக் கருப்பு மாதிரி குதிரையில் வந்தது யார் என்பதை இங்கே எழுதமாட்டேன், இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் அன்றைக்குப் பார்த்ததும் உங்கள் மகன் இன்றைக்குப் பார்த்ததும் ஒன்றில்லை, தங்கை. உங்களுக்கு வாரம் ஒரு பகுதிதான் கிடைத்தது. நடுவில் ஏழு நாள் இருந்தது. அந்த ஏழு நாளும் பள்ளிக்கூடத்தில், தண்ணிக் குழாயடியில், களையெடுக்கும் இடத்தில் ஊரே அடுத்த பகுதியை எழுதிக்கொண்டிருந்தது. “வாத்தியாராத்தான் இருக்கும்”, “இல்லடி, பூசாரி.” எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா நார்க்கட்டிலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டே, தினம் ஒரு ஆளைக் குற்றவாளியாக்குவார். பாதித் தொடரை நாம்தான் நடத்தினோம். நான்கு நாளில் பார்த்து முடித்த பிள்ளைக்கு அந்தப் பாதி கிடைக்கவில்லை. அவன் “இவ்வளவுதானா” என்றது நியாயம். உங்களுக்குச் சப்பென்று ஆனதும் அதனால்தான்.

பயத்துக்கு வருகிறேன். அழகர்கோயில் பதினெட்டாம்படியில் என்ன இருக்கிறது? சந்தனம் அப்பிய கதவு. கும்பிட வருகிறவர்களுக்கு அங்கே சிலை கிடையாது, கதவுதான் கருப்பு. சித்திரையில் அழகர் மதுரைக்குக் கிளம்பும்போது, போட்டுக்கொண்டு போகும் நகைப் பட்டியலை அந்தக் கதவுக்கு முன்னால்தான் வாசிக்கிறார்கள். திரும்பி வந்ததும் கணக்குச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பத்து வயதில் பெரியப்பாவோடு அங்கே போனேன். கிணற்றுப் பங்குத் தகராறு. எதிராளி சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினால் விட்டுவிடுகிறேன் என்று பெரியப்பா சொல்லியிருந்தார். சூடம் எரிகிறது. அந்த மனிதர் கையை நீட்டினார். உள்ளங்கை நெருப்புக்கு ஒரு சாண் மேலே நின்றது. விரல் நடுங்கியதை நான் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சூடம் தானாக எரிந்து கரியாகும்வரை கை இறங்கவேயில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “உன் பங்க எடுத்துக்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார். அடித்தது யார்? குதிரை வந்ததா, சாட்டை வந்ததா? ஒன்றும் இல்லை. கதவும் திறக்கவில்லை.

உங்களுக்குக் கருப்பு மேல் இருப்பது இந்தப் பயம்தானே? தெருவைத் தாண்ட அழுத பயம் பத்து வயதோடு போக வேண்டியது, போய்விட்டது. பொய்ச் சத்தியத்துக்கு இன்றைக்கும் உங்கள் கை இறங்குமா? இறங்காது என்றால், எந்த டாக்டர் விளக்கமும் அதைத் தொடவில்லை. தொடரில்கூட, வேஷத்துக்குள் யார் என்பதைவிட, அந்த ஊர்க்காரர்கள் எதையெல்லாம் மறைத்துவைத்துக்கொண்டு நடுங்கினார்கள் என்பதில்தான் எனக்கு மனம் நின்றது. மறுபடி பார்க்கத் தோன்றினால் அதை மட்டும் கவனித்துப் பாருங்கள். முடிவு தெரிந்த பிறகுதான் அது நன்றாகத் தெரியும்.

மகனை இன்னொரு தடவை டிவி முன்னால் உட்காரவைக்க வேண்டாம். உங்கள் குலசாமி எந்த ஊரிலிருந்து வந்தது, அங்கிருந்த கோயிலின் பிடிமண்ணை யார் கொண்டுவந்தது, யார் பொய் சொல்லி மாட்டிக்கொண்டார் – இதெல்லாம் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். அவரிடம் கேளுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கதை, ஒன்றே ஒன்று. மிச்சத்தை அவன் எவ்வளவு கெஞ்சினாலும் அடுத்த வெள்ளிக்கிழமைதான் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
அக்கா