உடைந்த ஸ்டெம்மைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: 14 மாதங்களுக்கு முன் கோவையில் 38,000 ரூபாய்க்கு மடக்கு சைக்கிள் வாங்கினேன். போன மாதம் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் மடிப்புக் கீலுக்குச் சற்று மேலே முறிந்தது. விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு உடைந்துவிட்டது. "வாரண்டி ஒரு வருஷம்தான். லாட்ச்சைச் சரியாகப் பூட்டியிருக்க மாட்டீர்கள். பழைய ஸ்டெம்மைக் கொடுங்கள், புதுசு மாட்டித் தருகிறோம்" என்கிறார் கடைக்காரர். வழக்குப் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் அந்தத் துண்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். லாட்ச் பூட்டாமல் விட்டிருந்தால் ஸ்டெம் கீலில் மடங்கிச் சாயும்; உங்களுடையதோ கீலுக்கு மேலே முறிந்திருக்கிறது. முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பகுதி மங்கிக் கறுத்தும் மீதி பளபளப்பாகவும் இருந்தால், விரிசல் முன்பே விழுந்து மெல்லப் பரவியிருக்க வாய்ப்பு அதிகம். துடைக்காதீர்கள், இரண்டு துண்டையும் பொருத்திப் பார்க்காதீர்கள். படம் எடுத்து, தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். நீங்கள் கேட்டால் நுகர்வோர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும். கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும்.

வாரண்டி முடிந்ததைப் பற்றிக் கவலை வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 84-ஆம் பிரிவின்படி, வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ உள்ள குறையால் காயம்பட்டால் தயாரிப்பாளர் பொறுப்பு. வேறெங்கோ செய்த சைக்கிளில் தன் பெயரை ஒட்டி விற்கும் நிறுவனமும் சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர்தான். கடைக்காரரையும் சேருங்கள்: பாகங்களைப் பொருத்திக் கொடுப்பதிலும் சோதிப்பதிலும் அவர் கவனக்குறைவாக இருந்திருந்தால் 86-ஆம் பிரிவு அவரையும் பிடிக்கும். பில்லில் 'அசெம்பிளி' என்று ஏதாவது இருக்கிறதா, பாருங்கள்.

எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளப் போவது 87-ஆம் பிரிவைத்தான், அதாவது நீங்கள் தவறாகப் பயன்படுத்தினீர்கள் என்று. கையேட்டில் எடை வரம்பு எத்தனை கிலோ? முன்னால் குழந்தை இருக்கை மாட்டினீர்களா? ஸ்டெம்மை மாற்றினீர்களா? இதையெல்லாம் உங்கள் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சைக்கிள் விலை வேறு, காயத்துக்கான நஷ்டஈடு வேறு. ஒரே புகாரில் இரண்டையும் கேளுங்கள். மருத்துவ ரசீதுகள், எக்ஸ்ரே, சம்பளம் போன நாட்களுக்கான சான்று ஆகியவற்றை இணையுங்கள். கோவை மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டுகள். புகார் கொடுக்கும் முன் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் ஒன்று அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், புது ஸ்டெம்மை இலவசமாகத் தந்தால் வாங்கிக்கொள்ளலாம், பழையதைக் கேட்காத பட்சத்தில். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாளை நீட்டினால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.