அலாத்தாஸின் அரசியல் ஆண்டுகள் – கடிதம்

ஐயா, வணக்கம்.

சையது ஹுசேன் அலாத்தாஸ் பற்றிய உங்கள் உரையை ஜார்ஜ்டவுனில் கேட்டேன். சோம்பேறிச் சுதேசி என்ற கற்பிதத்தை ஆராய்ந்த நூலால் உலகப் புகழ் பெற்ற மலேசியச் சமூகவியலாளர் கட்சி அரசியலில் இறங்கி, சில ஆண்டுகளிலேயே தோற்று வெளியேறினார். அந்த ஆண்டுகள் வீண்தானே? அவர் வகுப்பறையிலேயே இருந்திருக்கலாம்.

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

கால வரிசையை முதலில் நேர்செய்துகொள்வோம். அவர் கெராக்கான் கட்சியின் நிறுவனர்களுள் ஒருவராகவும் முதல் தலைவராகவும் ஆனது 1968-இல். நீங்கள் குறிப்பிடும் நூல் வெளிவந்தது 1977-இல். புகழ்பெற்ற ஓர் அறிஞர் அரசியலுக்குப் போய்க் கெட்டார் என்பதைவிட, அரசியலில் அடிபட்ட ஒருவர் அந்த நூலை எழுதினார் என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

தோல்வியைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கும் உடன்பாடு உண்டு. 1969 மே 10 தேர்தலில் இனம் சாராத கட்சியாக நின்ற கெராக்கான், பினாங்குச் சட்டமன்றத்தின் 24 இடங்களில் 16-ஐ வென்றது. மூன்றே நாளில் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. 1971-இல் கட்சி பிளந்தபோது அலாத்தாஸும் சக நிறுவனரான டான் சீ கூனும் வெளியேறினர். அவர்கள் உருவாக்கிய பெக்கெமாஸ் கட்சி 1974 பொதுத்தேர்தலில் ஒரே ஒரு நாடாளுமன்ற இடத்தைத்தான் பெற்றது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மலாய் ஆய்வுத் துறைக்குத் தலைவராக இருந்துகொண்டு பினாங்கில் வேரூன்றிய ஒரு கட்சியை நடத்திவிட முடியும் என்று அவர் நம்பியதை நான் வெகுளித்தனம் என்றே சொல்வேன்.

ஆனால் அந்த நூல் சொல்வதென்ன? குடியேற்ற ஆட்சியின் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் கூலியாகப் போக, சொந்த வயலும் கம்பமும் (கிராமமும்) இருந்த மலாய்க் குடியானவர் விரும்பவில்லை. அந்த விருப்பமின்மைக்கே ஆட்சியாளர் சோம்பல் என்று பெயரிட்டனர். இங்கே நம் கதையும் வருகிறது. மறுக்க வழியற்றுக் கப்பலேறிய சஞ்சிக்கூலிகளுக்கு, அதாவது ஒப்பந்தத்தில் கட்டுண்ட நம் தொழிலாளர்களுக்கு, பணிவானவர்கள், எளிதில் மேய்க்கத்தக்கவர்கள் என்ற நற்சான்று கிடைத்தது. தோட்டப்புறத்தில் நான் வளர்ந்த காலத்தில் 'மலாய்க்காரன் சோம்பேறி' என்று நம் பெரியவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். அது துரை வாயிலிருந்து வந்த சொல் என்பதையும், அதே வாய்தான் நம்மையும் வகைப்படுத்தி வைத்திருந்தது என்பதையும் அலாத்தாஸைப் படித்த பிறகே உணர்ந்தேன்.

வெள்ளையரை மட்டும் சாடியிருந்தால் அந்த நூலுக்குப் பாதி மதிப்புத்தான் இருந்திருக்கும். 1971-இல், அன்று ஆட்சியில் இருந்த மலாய்க் கட்சியான அம்னோ வெளியிட்ட 'ரெவலூசி மெந்தால்' (மனப் புரட்சி) நூல் மலாய்க்காரரைப் பற்றி அதே பழைய படத்தைத் தீட்டுவதை அவர் விரிவாக எடுத்துக் காட்டினார். சுதந்திர நாட்டின் தலைவர்களே குடியேற்றக்காரரின் கண்ணால் தம் மக்களைப் பார்க்கிறார்கள் என்ற இந்தக் கண்டிப்புக்கு விதை முன்பே அவரிடம் இருந்திருக்கலாம். ஊழலின் சமூகவியலைப் பற்றிய நூலை அவர் வெளியிட்டதும் கட்சி தொடங்கிய அதே 1968-இல்தான். எனினும் மேடையிலும் கட்சிக் கூட்டங்களிலும் அத்தலைவர்களை நேருக்கு நேர் எதிர்கொண்ட ஆண்டுகள் இல்லாமல், அந்தப் பகுதிக்கு அவ்வளவு சூடு ஏறியிருக்காது என்பது என் கணிப்பு. நூலின் பிற்பகுதியை மட்டுமாவது மறுபடி வாசித்துவிட்டு எழுதுங்கள்.